வங்கியில் ஒரு செவ்வாய்க்கிழமை மேசை

வங்கியில் வேலை என்றால் காசோடு வேலை என்று நினைப்பார்கள். எனக்கு வாய்த்தது கதவோடும் படிவங்களோடும்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பதினெட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தவன். ஆங்கிலம் தெரியும். இத்தாலியன் சமாளிக்கும் அளவுக்கு வரும். இதைக் கண்டுபிடித்த முகாமையாளர், துடைப்பத்தை வைத்த பிறகு வெளிநாட்டுக்காரருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும்படி சொன்னார். மூலையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, நூலில் கட்டிய பேனா. சம்பளம் மட்டும் பழைய துடைப்பச் சம்பளம்.

பிறந்த இடம், தகப்பன் பெயர், வதிவிடம், அனுப்புபவர், பெறுபவர். வாழ்நாளில் ஒரு தடவையாவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இந்தக் கட்டங்களை நிரப்பியவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பவர் தலை நிமிராமல், "இன்னொரு தாள் குறைகிறதே" என்று சொன்னபோது கையிலிருந்த தாள்களை மறுபடி எண்ணிப் பார்த்தீர்களல்லவா? அந்தக் குறைகிற தாளில்தான் என் பிழைப்பு ஓடியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் போய்விட்டார்கள். கலியாணம் கட்டவில்லை. ஒரே தங்கை கனடாவில் என்னைவிட வசதியாக இருந்தாள். ஊருக்கு ஊர் காசு அனுப்பும் அந்த மேசையில், அனுப்ப ஆள் இல்லாத ஒரே ஆள் நான்தான்.

தாலிக்குத் திறக்காத கதவு

எங்கள் கிளையின் வாசல் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். முதல் கதவு பின்னால் மூடிக்கொள்ளும். உடம்பில் உலோகம் கனமாக இருந்தால் இரண்டாவது கதவு திறக்காது. வெளியே போய்ப் பெட்டியில் வைத்துவிட்டு வரும்படி ஒரு பெண்குரல் மிக மரியாதையாகச் சொல்லும்.

எங்கள் ஊர்ச் செல்வமக்கா மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் சமையல், துவையல், கிழவியைப் பார்ப்பது எல்லாம் செய்துகொண்டிருந்தார். இனிச் சம்பளம் வங்கிக்குத்தான் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டதால் கணக்குத் திறக்க வந்தார். முதல் தடவை குடையை வெளியே வைத்தார். இரண்டாம் தடவை திறப்புக் கோர்வை. மூன்றாம் தடவை சில்லறைப் பை. நான்காம் தடவையும் கதவு அசையவில்லை. காவலாளி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். செல்வமக்கா ஒன்பது பவுண் தாலிக்கொடியைச் சட்டைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு குழாய்க்குள்ளேயே நின்றார். உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போகமாட்டார். பின்னால் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது.

கடைசியில் முகாமையாளர், நான் வாளியோடு போய்வரும் பக்கக் கதவைத் திறந்துவிடச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் பெண்களுக்கெல்லாம் அந்த வழிதான். செல்வமக்கா வாளியையும் துடைப்பத்தையும் கடந்து வந்து, கதிரையில் இருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "வீட்டிலையும் எனக்குப் பின்கதவு, பாங்கிலையும் பின்கதவு. அப்ப, தம்பி, இந்த ஊரிலை முன்கதவை ஆருக்கெண்டு செய்து வைச்சிருக்கினம்?"

ராகுவின் மணிக்கூடு

காலை வரிசையைப் பற்றிப் பழைய வாடிக்கையாளர்கள் முறைப்பட்டார்கள். வெளிநாட்டுக்காரருக்குத் தனியாக ஒரு நேரம் வைக்கலாம் என்று முகாமையாளர் நினைத்தார். வங்கி பின்னேரத்தில் மூன்று மணி முதல் நாலு மணி வரைதான் திறந்திருக்கும். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் சரியா?" என்று என்னைக் கேட்டார். சரி என்றேன்.

முதல் செவ்வாய் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் செவ்வாயும் வரவில்லை. மூன்றாம் செவ்வாய் பேனாவின் நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அந்த வாரம் பொன்னுத்துரையைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். அவன் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். சீசாவில் என்ன நடந்தாலும் அவனுக்குத் தெரியும்.

"ஏனப்பா, செவ்வாய்க்கிழமை ஒருத்தரையும் காணேல்லை?"

"அண்ணை, மூண்டு தொடக்கம் நாலரை மட்டும் ராகுகாலமெல்லே. புதுக் கணக்கை ஆரும் ராகுகாலத்திலை திறப்பினமோ?"

பதினெட்டு வருடம் ஒவ்வொரு நாளும் பத்திரிகையின் மூலையில் ராகுகாலத்தைப் போட்டவன் நான். ஒரு நாளும் அதை வாசித்ததில்லை. "வேதக்காரராவது வந்திருக்கலாமே?" என்றேன்.

"செவ்வாய் அந்தோனியாற்றை நாள். மன்னார்ச் சனம் முழுக்கக் கோயிலிலை நிக்கும்."

விடுவதாக இல்லை நான். "சரி, அது ஊர் மூண்டு மணிக்குத்தானே? இஞ்சை மூண்டெண்டால் அங்கை பொழுது பட்டிடும். ராகு அப்பவே போயிருப்பான்."

பொன்னுத்துரை என்னை இரக்கத்தோடு பார்த்தான். "அண்ணை, ராகு என்ன, ஊர் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டே இஞ்சை வாறான்? அவனும் வந்த இடத்து நேரத்துக்குத்தானே வேலை செய்யோணும்."

ஊர் முழுக்கத் தெரிந்த பெண்

நேரத்தை மாற்ற வேண்டும் என்று முகாமையாளரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எப்படி விளங்கப்படுத்துவது? அதனால் நாலாம் செவ்வாயும் போய் இருந்தேன். அன்று ஒருவர் வந்தார். உயரமான மனிதர், தோளில் மீன் பெட்டி சுமந்த ஈரம். பெயர் லமின். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியாக்காரர். ஒரு ஆற்றின் இரு கரையும்தான் அந்த நாடு முழுவதும் என்றார். பதினெட்டு வருடத்தில் அந்த நாட்டைப் பற்றி ஒரு வரிச் செய்திகூட நான் போட்டதில்லை. கோடையில் மொண்டெல்லோவில் உணவக வேலை, மற்றக் காலத்தில் வுச்சீரியாச் சந்தையில் சுமை. ஆங்கிலம் பேசினார். அந்தக் கிளையில் என்னைத் தவிர அவருக்குப் பேச ஆள் இல்லை. அன்றைக்கு எனக்கும் அவரைத் தவிர ஆள் இல்லை.

அவர் கேட்டது தன் நாட்டில் தன் மனைவியின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. லமின் ஊருக்குப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் காசு, குடும்பத்தின் மூத்தவர் என்பதால் அண்ணனிடம் போய்ச் சேரும். பிள்ளைக்கு மருந்து வாங்குவதானாலும் மனைவி மரியாமா அண்ணனின் முற்றத்தில் போய் நிற்க வேண்டும். அண்ணன் கெட்டவரில்லை. கேட்டால் கொடுப்பார். ஆனால் நிற்க வைத்துத்தான் கொடுப்பார். "அவள் இனி நிற்கக்கூடாது" என்றார் லமின். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவர் வந்திருந்தார்.

மரியாமா ஏற்கனவே முயன்று பார்த்திருந்தார். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் வங்கி கிடையாது. லொறியில் ஒரு பகல், பிறகு படகு, பிறகு மறுபடி ஒரு வண்டி என்று தலைநகருக்குப் போயிருக்கிறார். ஏற்கனவே வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். அப்படி யாரும் இல்லையென்றால், புருசன் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் கடிதமும் போதுமாம். புருசனுக்கோ உலகத்தில் எந்த வங்கியிலும் கணக்கில்லை. லமின் நூலில் கட்டிய பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "அவளைத் தெரிந்தவர்கள் ஒரு ஊர் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் வங்கிக் கணக்கு இல்லை. ஆகவே அவளை ஒருவருக்கும் தெரியாதாம்."

இரண்டாவது கோப்பை

எங்கள் கிளையில் லமினின் பெயரில் கணக்குத் திறக்க, தங்கும் அனுமதியான பெர்மெசோ வேண்டும். அது லமினிடம் இருந்தது. வதிவிடப் பதிவும் வேண்டும். அது இல்லை. ஆறு பேரோடு ஒரு அறையில் இருந்தார். வீட்டுக்காரர் ஒருவரையும் பதிய விடமாட்டார். கவுண்டரில் இருந்த பீனா நல்ல பெண்தான். ஆனால் பதிவுத் தாளைக் கேட்டுவிட்டு நகத்தைப் பார்க்கத் தொடங்கினால் அதற்குமேல் பேச்சில்லை.

என்னிடம் சீசாவில் ஒரு சின்ன வீடு இருந்தது. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. "என் முகவரியைப் போடும்" என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. போட்டால் மட்டும் போதாது. உண்மையில் குடியிருக்கிறாரா என்று பார்க்க மாநகரசபைக் காவலர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். ஆகவே லமின் ஒரு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்து குசினியில் விரித்தார். காவலர் வந்து பார்க்கும் வரை என்று பேச்சு. முதல் நாள் காலையில் தேநீர் ஊற்றப் போனால் வீட்டில் ஒரு கோப்பைதான் இருந்தது. இரண்டு வருடமாக அதுதான் இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. லமின் பின்னேரம் சந்தையிலிருந்து ஒரு கோப்பை வாங்கி வந்து, கழுவி, என்னுடையதற்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். பக்கத்தில் கோப்பை கவிழ்த்தவனை அதற்குப் பிறகு 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினேழு நாள் கழித்துக் காவலர் வந்தார். லமின் சந்தைக்குப் போயிருந்தான். மெத்தையைக் காட்டினேன், செருப்பைக் காட்டினேன், நம்பவில்லை. கறுத்த ஆட்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய்ச்சாட்சி சொல்வோம் என்று நினைத்திருக்க வேண்டும். படியிறங்கி, கீழ்வீட்டு சிஞ்ஞோரா ரொசாலியாவின் கதவைத் தட்டினார். அந்த அம்மா பால்கனியிலிருந்து தெருவில் பாண் விற்பவனுக்குக் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தவர், கயிற்றை விடாமலேயே அங்கிருந்து கத்தினார்: "இருக்கிறான், இருக்கிறான்! மற்றவர் இரண்டு வருடமாக இருக்கிறாராம், எனக்கென்ன தெரியும்? இவன் வந்து சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் மேல்வீட்டில் ஆள் இருக்கிறதே எனக்குத் தெரியும்!"

ராகுவும் கேதுவும்

கணக்குத் திறந்தாயிற்று. கடிதம் கேட்டோம். ஆறு மாதமாவது ஓடாத கணக்குக்கு வங்கி கடிதம் கொடுக்காது என்றார் முகாமையாளர். லமின் அதை ஓட்டிக் காட்டத் தொடங்கினான். ஒவ்வொரு செவ்வாயும் மூன்று மணிக்கு வந்து ஒரு சின்னத் தொகையைப் போட்டுவிட்டு, என் மேசைக்கு முன்னால் நாலு மணிவரை இருப்பான். கணக்கு ஓடுகிறது என்று அவர்கள் கண்ணால் காண வேண்டுமாம். மெத்தையும் குசினியை விட்டுப் போகவில்லை. காவலர்தான் வந்து போய்விட்டாரே என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் நிலக்கடலை அரைத்துக் குழம்பு வைப்பான். நான் சோறு வடிப்பேன். அவன் மரியாமாவைப் பற்றிக் கதைப்பான். எனக்குக் கதைக்க அப்படி ஒருவரும் இல்லாததால் பழைய செய்திகளைச் சொல்வேன்.

ஒரு செவ்வாய் செல்வமக்கா பக்கக் கதவால் எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை, மணி மூன்று பத்து. வாளிக்குப் பக்கத்தில் நின்றே ஒரு பொதியை நீட்டினார். உள்ளே உளுந்து வடை. இரண்டு பேருக்குக் கணக்காக ஆறு. ஆளில்லாத வங்கியையும் மேசையில் இருந்த எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "இத்தனை நாளும் ராகு தனிய இருந்தார். இப்ப கேதுவும் வந்து சேர்ந்திட்டார். பாவம், பாங்குக்குத்தான் காலம் சரியில்லை."

தெரியும் என்று சொல்ல ஒரு ஆள்

ஆறு மாதம் முடிந்த செவ்வாயன்று முகாமையாளர் கடிதத்தை எழுதினார். அதை ஆங்கிலத்தில் ஆக்கும் வேலை என்னுடையது. ஏழு வரிக் கடிதத்தில் மூன்று தடவை, "இதனால் வங்கிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை" என்று வந்தது. வாசித்தால் நற்சான்றிதழ் மாதிரி இல்லை, ஆளைத் தேடும் அறிவித்தல் மாதிரி இருந்தது. பழைய பழக்கம், இரண்டை வெட்டினேன். அவர் அதற்குத் தலையாட்டினார். "இவரை எமக்கு நன்கு தெரியும்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு மட்டும் பேனாவை எடுத்துக் கோடு இழுத்தார். வங்கிக்குக் கணக்கைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது என்றார்.

அந்த வரி இல்லாமல் கடிதம் போனால் மரியாமா இன்னொரு தடவை லொறியும் படகும் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். லமின் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தாலியன் விளங்காவிட்டாலும் கோடு இழுத்தது விளங்கியிருந்தது. "இவனை எனக்குத் தெரியும்" என்றேன். முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவனும் நீயும் ஒரே வீடா?"

"ஓம்."

"இரவில் குறட்டை விடுவானா?"

"விடுவான். இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் நின்றுவிடும்."

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். வெட்டிய வரியைத் தானே மறுபடி எழுதினார். "இந்த வங்கியில் ஒரு வாடிக்கையாளரை இவ்வளவு தெரிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. கீழே நீயும் கையெழுத்துப் போடு. துடைக்கிறவன் என்று மட்டும் எழுதிவிடாதே."

வாசலில் அண்ணன்

கடிதம் போய் மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் ஒரு கசெட் வந்தது. மரியாமா பேசி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் வைத்துப் போட்டோம். அந்த வீட்டில் ஒரு பெண்குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். லமின் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னான்.

கணக்குத் திறந்தாயிற்று. புத்தகத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது, வேறு ஒருவர் பெயரும் இல்லை. காசெடுக்கப் போக இன்னும் அதே லொறியும் படகும்தான். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஊரில் இப்போது வங்கிக் கணக்கு உள்ள ஒரே ஆள் மரியாமா. அதாவது, இனி யார் கணக்குத் திறக்கப் போனாலும் "இவரைத் தெரியும்" என்று கையெழுத்துப் போடக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். சந்தையில் கடலை விற்கும் பெண்கள் ஏழு பேர் வந்துவிட்டார்களாம். ஏழு பேருக்கும் போட்டுக் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகு கசெட்டில் எங்கோ ஒரு ஆடு கத்தியது. பிறகு அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். லமின் அதை மொழிபெயர்க்காமல் சிரித்தான். திரும்பச் சுற்றி மறுபடி கேட்டான். கண்ணைத் துடைத்தான். மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் சொன்னான்: "உங்கள் அண்ணன் வாசலில் வந்து நிற்கிறார், அவருக்கும் கணக்குத் திறக்க என் கையெழுத்து வேண்டுமாம். கதிரை போட்டு இருக்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து இன்னும் போடவில்லை."

அடுத்த மாதம் லமினுக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. ரயில் நிலையத்தில் மெத்தையை எனக்கே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னான். கோப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தபோது சிஞ்ஞோரா ரொசாலியா பால்கனியிலிருந்து கூடையை இழுத்துக்கொண்டே என்னைக் குனிந்து பார்த்துக் கேட்டார்: "அந்தச் சிரிக்கிறவன் போய்விட்டானே, மேல்வீடு இப்போது வாடகைக்கு இருக்கிறதா?"

ஊருலகத்தை வங்கிக்கு அறிமுகம் செய்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட நான், என்னைத் தெரியும் என்று எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் ரயிலேறிப் போன பிறகும், வேறு நேரம் கேட்கத் தோன்றாமல் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே போய் அந்த மேசையில் இருந்துகொண்டிருந்தேன்.